அப்புவின் கவர்த்தடி

துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் ஊரில் கூடினால் குழாயின் நீளத்தைப் பற்றிப் பேசுவார்கள். மருந்து எவ்வளவு போட்டால் எவ்வளவு தூரம் போகும், எந்தக் கொல்லன் குதிரையை நன்றாகத் திருத்துவான் என்று பேச்சு நீளும். என் அம்மாவின் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிட்டவர், அந்தப் பேச்சில் அதிகம் சேரமாட்டார். அவருடைய அக்கறையெல்லாம் துவக்கைத் தாங்குகிற தடியில் இருந்தது. மாடு சாய்த்துக்கொண்டு காட்டோரம் போனாலும் விறகுக்குப் போனாலும் அவருடைய கண் மரங்களின் கவர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். நல்ல கவர் ஒன்றைக் கண்டால் நின்று, கையை அதற்குள் வைத்துப் பார்ப்பார். மனம் ஒப்பாவிட்டால் வெட்டாமல் விட்டுவிட்டு வருவார். ஒரு தடிக்கு இவ்வளவு பார்ப்பானேன் என்பது சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. ஆயுதத்தைக் கையிலெடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை என்பதையும், அந்தப் பொறுமைக்கு உடம்பில் ஓர் ஆதாரம் வேண்டும் என்பதையும் அவர் அந்தத் தடியால்தான் எனக்குக் கற்றுத் தந்தார்.

எங்கள் ஊரான பூநகரிக்கு வடக்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மேற்கே பாக்கு நீரிணை. கௌதாரிமுனைப் பக்கம் மணல் மேடும் பனையுமாகக் கிடக்கும். தெற்கே பல்லவராயன்கட்டு, முழங்காவில் என்று போகப் போகப் பற்றை காடாகித் தடிக்கும். இடையில் வயல்கள். குளத்துத் தண்ணீர் எட்டாத வயல்களில் வானத்தை நம்பித்தான் விதைப்பு. மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிட்டு வடகீழ்ப் பருவமழையைப் பார்த்திருப்பார்கள். மொட்டைக்கறுப்பன் என்றால் பூநகரி என்று யாழ்ப்பாணத்தார் சொல்லுமளவுக்கு அந்தச் சிவப்பரிசி நெல் எங்கள் மண்ணோடு ஒட்டியது. அது நீண்ட நாட்பயிர். நீண்ட நாட்பயிருக்கு நீண்ட நாட்காவலும் வேண்டும்.

கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பண்டி வரும். குட்டிகளும் தாய்களுமாகக் கூட்டமாக வரும். சிலவேளை தனியனும் வரும். தின்பதைவிட உழக்கி விழுத்துவதுதான் கூட. மாலையில் நிமிர்ந்து நின்ற பயிர் விடியும்போது பாயாகப் படிந்து கிடக்கும். கடன்பட்டு விதைத்த குடும்பத்துக்கு அது ஒரு வருடச் சோறு. அதனால் மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊர் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. வயல் நடுவே காவற்கொட்டில் போட்டு, ஓலை வேய்ந்து, முன்னால் கட்டை எரித்து, தகரம் தட்டி, கூப்பிட்டுக் கூப்பிட்டு இரவைக் கழிப்பார்கள். துவக்கு கடைசி வழி. பெரும்பாலான இரவுகளில் அது வெடிக்காமலே விடியும்.

எங்கள் வீட்டுத் துவக்கு வாய்வழியாக மருந்து இடிக்கிற இடியன். பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்றது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அந்தப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முன்னர் பூநகரி யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே அப்பு யாழ்ப்பாணக் கச்சேரிக்குத்தான் போவார். சங்குப்பிட்டியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, நீரேரியைக் கடந்து, கேரதீவில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்த் திரும்பப் பொழுது சாயும். அன்றைக்கு மட்டும் வெள்ளை வேட்டியும் சால்வையும் கட்டுவார். பத்திரத்தை எண்ணெய்க் கடதாசியில் சுற்றிப் பெட்டகத்துக்குள் வைப்பார். துவக்கு தன் சொத்து என்ற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. அரசாங்கம் நம்பித் தந்த பொறுப்பு என்றுதான் பேசுவார்.

இடியனைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பாரம் முழுவதும் முன்பக்கத்தில். இரும்புக் குழாய் நீளம். கொஞ்ச நேரம் தோளில் அணைத்துப் பிடித்தால் இடது கை நடுங்கத் தொடங்கும். அதோடு அதில் ஒரு வெடிதான். மருந்து போட்டு, தும்பு வைத்து இடித்து, சன்னம் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடித்து, கேப்பு வைத்து ஆயத்தப்படுத்துவதற்குள் பண்டி காட்டுக்குள் போய்விடும். காயப்பட்ட தனியன் என்றால் திரும்பி எங்கள்மேல் வந்துவிடும். ஒரே வெடி, பாரமான குழாய், இருட்டு, வாடைக்காற்றின் குளிர். இந்த நாலையும் ஒன்றாகச் சமாளிக்க அப்பு கண்டுகொண்ட துணை கவர்த்தடி.

தடி தெரிகிற வித்தையை அவர் எனக்குச் சொல்லித் தந்தது காட்டில் வைத்துத்தான். முதலில் உயரம். “மோனை, தடியை வெட்ட முதல் எப்பிடி இருந்து சுடப்போறாய் எண்டதை யோசி,” என்பார். வரம்பில் குந்தியிருக்கிறவனுக்கு ஒரு உயரம், கொட்டிலில் சப்பாணி கட்டியிருக்கிறவனுக்கு வேறு உயரம், நிற்கிறவனுக்கு வேறு. அவர் அளக்கிற முறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மருந்தில்லாத வெறும் துவக்கைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உடம்புக்கு இதமான நிலையில் இருப்பார். கழுத்து நெளியக்கூடாது, முதுகு வளையக்கூடாது. பிறகு கண்ணைத் திறக்காமலே, “இப்ப அள,” என்பார். நான் நிலத்திலிருந்து அவருடைய இடது கை வரைக்கும் கயிறு பிடித்து அளப்பேன். அந்த அளவோடு மண்ணுக்குள் இறங்குகிற பங்கையும் சேர்த்து வெட்டுவோம். தடியின் உயரத்துக்கு உடம்பை வளைக்கிறவன் சீக்கிரம் களைத்துப்போவான், களைத்தவன் அவசரப்படுவான் என்பது அவருடைய கணக்கு.

அடுத்தது கவரின் வாய். ஒடுங்கிய கவரில் குழாய் இறுகிக்கொள்ளும். பண்டி ஒரு முழம் நகர்ந்தாலும் துவக்கைத் திருப்ப முடியாது. அகன்ற கவரில் துவக்கு உருளும். இரண்டு கொப்பும் அடியில் வளைந்து பிரிந்து பிறகு நேராக மேலெழுகிற கவர்தான் அவருக்கு வேண்டும். குழந்தையை ஏந்துகிற கை மாதிரி இருக்கவேண்டும் என்பார். மரங்களில் அப்படிப்பட்ட கவர் அபூர்வம். பத்து மரம் பார்த்தால் ஒன்றில் இருக்கும். அதிலும் தடிப்பு சரியாக இருக்காது. அதனால்தான் அந்த நிற்றலும் பார்த்தலும்.

மரத்திலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு. கொய்யாவில் நல்ல கவர் வரும். நாங்கள் கெற்றப்பொல் செய்வது அதில்தான். ஆனால் இந்த நீளத்துக்குக் கொய்யாத்தடி வளைந்து கொடுக்கும் என்று ஒதுக்கிவிடுவார். பூவரசு லேசு, சீக்கிரம் உளுத்துப்போகும். பாலை உறுதி, ஆனால் பாரம். வீரைதான் அவருடைய விருப்பம். பச்சையாக வெட்டி, தோல் உரித்து, வெயில் படாமல் கொட்டிலின் இறப்பில் சொருகிக் காயவிடுவார். வெயிலில் போட்டால் கவர் பிரிகிற இடத்தில் வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பு இருட்டில் தெரியாது என்று எச்சரிப்பார்.

கடைசியாக அடி. பூநகரியின் மண் ஓரிடத்தைப்போல் ஓரிடம் இருக்காது. கடற்கரைப் பக்கத்து மணலில் கூர்மையான அடி நிற்காது, தட்டையாக விடவேண்டும். மழை பெய்த வயற்சேற்றில் தட்டையான அடி வழுக்கும், கூராக்க வேண்டும். கூராக்கினால் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அதற்காகக் கூருக்குச் சற்று மேலே ஒரு சாண் குச்சியைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவார். அதற்கு மேல் தடி இறங்காது. இரவு தொடங்கும்போது வைத்த உயரம் விடியும்வரை அப்படியே நிற்கும்.

கவருக்குள் சாக்குத் துண்டு ஒன்றை மடித்துக் கட்டியிருப்பார். இரும்பைக் கவரில் நேரே வைக்க விடமாட்டார். வெடிக்கிற கணத்தில் துவக்கு அதிரும். வைரமான எதிலும் முட்டிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு துவக்கை அதிலிருந்து எற்றிவிடும், குறி மேலே போகும். குழாய் கவரில் கிடக்கவும் கூடாது. துவக்கின் மரப்பகுதி, அதிலும் இடது கை வழக்கமாகப் பிடிக்கிற இடம்தான் கவரில் அமரவேண்டும். இதையே இன்றைக்கும் உலகம் முழுவதும் குறிபார்த்துச் சுடப் பழக்குகிறவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது, எழுத்து வாசனை குறைந்த ஒரு கமக்காரன் அதைத் தன் தோளால் அறிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒற்றைத் தடி மேலும் கீழுமான ஆட்டத்தை நிறுத்தும். இடம் வலமாக ஆடுவதை நிறுத்தாது. கண் மங்கத் தொடங்கிய காலத்தில் அப்பு இரண்டு நேர்த்தடிகளை மேற்பக்கத்தில் கயிற்றால் பிணைத்து, கத்தரிக்கோலாக விரித்து வைத்துக்கொண்டார். அது பக்க ஆட்டத்தையும் அடக்கியது. வட அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் இதே மாதிரி இரண்டு தடிகளைப் பிணைத்து அதில் பாரத் துவக்கை வைத்துச் சுட்டார்கள். ஆபிரிக்காவில் வேட்டை வழிகாட்டிகள் மூன்று தடிகளைப் பிணைத்துக்கொண்டு திரிகிறார்கள். மூன்று கால் எந்த நிலத்திலும் தானே நிற்கும். ஆனால் தூக்கித் திரியவும் இருட்டில் விரிக்கவும் கரைச்சல். கால் கூடக்கூட உறுதி கூடும், நகர்த்துகிற சுகம் குறையும். எது வேண்டும் என்பது போகிற இடத்தையும் இருக்கிற நேரத்தையும் பொறுத்தது.

எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்கும்போதும் எனக்குக் கவர்த்தடி நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர் கட்டி, பிறகு ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை அது. அவர்கள் வந்த ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் பாரமான மஸ்கற் துவக்கைக் கையால் தாங்கிச் சுட முடியாமல் ஒவ்வொரு சிப்பாயும் இரும்புக் கவர் பூட்டிய தடியொன்றைக் கூடவே கொண்டு திரிந்தான். ஜேக்கப் டி ஹெய்ன் என்ற ஒல்லாந்து ஓவியர் 1607இல் வெளியிட்ட படைப் பயிற்சி நூலில், தடியை எந்தக் கையில் பிடிப்பது, நடக்கும்போது எப்படி வைப்பது, துவக்கை அதில் எப்படி ஏற்றுவது என்று படம் படமாக வரைந்து காட்டியிருக்கிறார். அந்த நூல் வந்த நூற்றாண்டிலேயே துவக்குகள் இலகுவாகி, படைகளிலிருந்து தடி மறைந்துபோயிற்று. வேகமாகச் சுடவேண்டிய படைக்கு அது தடங்கல். இரவு முழுக்கக் காத்திருக்கவேண்டிய கமக்காரனோ அதைக் கைவிடவில்லை.

காத்திருத்தல் என்று சொன்னேன். அது எதற்காக என்று எனக்கு உறைத்த இரவைச் சொல்லவேண்டும்.

ரோச் வெளிச்சத்தில் மிருகங்களின் கண் மின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கு மின்னும், மானுக்கு மின்னும், நரிக்கும் நாய்க்கும் மின்னும். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. பண்டிக்கு அந்தப் படலம் இல்லை. ஆகவே அதன் கண் அப்படி மின்னாது. எங்கள் ஊர்க் காவற்காரருக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது; ஆனால் மின்னினால் மாடு, மின்னாவிட்டால் பண்டி என்று தெரியும். இருட்டுக்குள் கறுப்பாக ஏதோ அசைந்து கண் மின்னாமல் இருந்தால் சிலர் உடனே சுட்டுவிடுவார்கள்.

அது தை மாதம். பின்னேரம் பெய்த மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. நானும் அப்புவும் கொட்டிலுக்கு வெளியே வரம்பில் இருந்தோம். துவக்கு கவரில் கிடந்தது. எங்களுக்கு எதிரே, வயலின் தாழ்ந்த மூலையில், பயிருக்குள் சளசளவென்று சத்தம் கேட்டது. அப்பு சைகை காட்ட நான் ரோச்சை அடித்தேன். இடுப்பளவு உயரத்தில், கறுத்த, வளைந்த முதுகு. பயிருக்குள் குனிந்து எதையோ கிளறிக்கொண்டிருந்தது. கண் மின்னவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. “பண்டி அப்பு, பண்டி, சுடுங்கோ,” என்று அவருடைய காதுக்குள் சொன்னேன்.

அப்பு குதிரையை இழுத்திருக்கவில்லை. “பொறு,” என்றார்.

துவக்கைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரம் முழுவதும் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஒன்று சுட்டிருப்பார், அல்லது துவக்கை இறக்கியிருப்பார். கவர்த்தடியில் பாரம் இருந்தபடியால் அவருடைய கை சும்மா இருந்தது, மூச்சு சீராக இருந்தது, கண் மட்டும் வேலை செய்தது. அந்த முதுகு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நிமிர்ந்தது. இருமியது. தலையிலிருந்து முதுகுவரை சாக்குக் கொங்காணி போட்டிருந்த எங்கள் பக்கத்துக் காணிக்காரர். மழைக்கு வரம்பு உடைத்துக்கொண்டதைக் கண்டு மண் வெட்டி மறித்துக்கொண்டிருந்திருக்கிறார். முகத்தில் வெளிச்சம் பட்டதும், “ஆரது?” என்று கேட்டார். அப்பு தன் பெயரைச் சொன்னார். அவர் தன் பாட்டில் வேலையைத் தொடர்ந்தார்.

அப்பு கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பண்டிக்குக் கண் மின்னாது எண்டது சரி. மனிசனுக்கும் மின்னாது. அதை மறக்காதை.”

மனிதக் கண்ணிலும் அந்தப் படலம் இல்லைத்தான். இருட்டில் பண்டியும் மனிதனும் ஒரே மாதிரி இருண்டு கிடக்கிறார்கள். இருவரையும் பிரித்தறிய உள்ள ஒரே வழி, உருவம் முழுவதையும் காணும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. அப்பு காட்டில் மரம் மரமாகத் தேடியது இதற்காகத்தான். குறி தப்பாமல் சுடுவதற்கு உதவுகிற அதே தடி, சுடாமல் இருப்பதற்கும் உதவுகிறது. இரண்டாவது உதவிதான் பெரியது.

இதன் மறுபக்கத்தையும் எங்கள் ஊர் கண்டிருக்கிறது. கட்டுத்துவக்கிலும் கவர்த்தடி உண்டு. பண்டி போகிற தடத்தில் துவக்கைத் தடிகளில் படுக்கவைத்து, குறுக்கே நூல் இழுத்துவிட்டு, வைத்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். நூலைத் தட்டுகிறது எதுவோ அது வெடி வாங்கும். பண்டியா, பசுவா, யானைக்குட்டியா, விறகு பொறுக்கப் போன பெண்ணா என்று பார்க்க அங்கே ஒரு கண் இல்லை. பண்டியின் உயரத்துக்குக் குறிவைத்த துவக்கு மனிதனுக்குக் காலில் படும். வறண்ட வலயத்து வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை செய்கிறவர்களுக்கு அந்தக் காயம் நன்றாகத் தெரியும். முழங்காலும் கணைக்காலும் சிதறி வருகிறவர்கள். ஒரு விடியற்புறம் எங்கள் ஒழுங்கையால் மாட்டுவண்டியில் ஒருவரைக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். அவர் உயிர் தப்பினார். பிறகு ஒருநாளும் வயலில் இறங்கவில்லை.

அன்று அப்பு கட்டுத்துவக்கு வைக்கிறவர்களை வாய்விட்டு ஏசினார். அவர் அப்படி ஏசி நான் கேட்டது குறைவு. துவக்கைத் தடியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதன் எழுந்து போவது பெரும் பாவம் என்றார். தடி துவக்கின் பாரத்தைத் தாங்கலாம். முடிவெடுக்கிற பாரத்தை மனிதன்தான் தாங்கவேண்டும். அவருடைய வாயிலிருந்து வந்ததை நான் என் சொல்லில் இப்படி எழுதுகிறேன். அன்று தொடக்கம் என் வாழ்க்கையில் பலதையும் அளக்க இதுவே எனக்கு அளவுகோல்.

போர் வந்தபோது அந்த அளவுகோல் மிகவும் கனத்தது. எங்கள் வீட்டு இடியன் எப்போதோ வீட்டைவிட்டுப் போய்விட்டது. அப்புவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பூநகரியில் இராணுவ முகாம் எழுந்தது. மண்மூட்டைகளின் மேல் இரண்டு கால் விரித்து நின்ற இயந்திரத் துவக்குகளைத் தூரத்திலிருந்து கண்டோம். 1993 நவம்பர் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் பூநகரி, நாகதேவன்துறை முகாம்களைத் தாக்கியபோது இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 2008 நவம்பர் 15ஆம் திகதி இராணுவம் மறுபடி பூநகரியைப் பிடித்தது. அதற்குள் நாங்கள் கிழக்கே இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தோம். வயல்களைப் பற்றை மூடியது. பண்டிகள் பெருகின.

திரும்பி வந்தபோது எங்களுக்கு முன்னால் மண்ணுக்குள் மிதிவெடிகள் இருந்தன. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்புகள் நட்டு, முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணைக் கிளறிக்கொண்டு போவதை நான் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்திருக்கிறேன். மிதிவெடியும் கட்டுத்துவக்குத்தான் என்று அப்போது என் மனம் சொன்னது. வைத்தவன் போய்விட்டான், போரும் முடிந்துவிட்டது, அது மட்டும் காத்திருக்கிறது, பார்க்கக் கண்ணில்லாமல். இரண்டும் குறிவைப்பது காலைத்தான். மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நாட்டின் தலைநகரில் அது சின்னச் செய்தியாக இருந்திருக்கலாம். முழங்காலில் இருந்து மண் கிளறியவர்களைப் பார்த்த எங்களுக்கு அது பெரிய செய்தி.

இந்த நினைவுகளையெல்லாம் கிளப்பிவிட்டது கனடாவிலிருந்து மருமகன் எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பு. தங்கையின் மகன். ஒன்ராறியோவில் முறைப்படி பயிற்சி எடுத்து, அனுமதிப்பத்திரம் பெற்று, மான் வேட்டைக்குப் போகிறவன். “மாமா, துவக்குக்கு ஒரு பைபொட் வாங்கவேணும். விதம்விதமாக் கிடக்கு. அப்பு தடி வெட்டினவர் எண்டு அம்மா சொல்லுறவ. நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டான். படங்களும் அனுப்பினான். அமெரிக்காவின் ஹரிஸ் நிறுவனத்தின் இரண்டுகால் தாங்கிகள் அதில் இருந்தன. துவக்கின் மரத்தில் வார் கொளுவுகிற குமிழில் பூட்டிவிட்டு, வேண்டாதபோது காலை முன்னுக்கு மடித்துவிடலாம். 6 முதல் 9 அங்குலம் வரை நீளுகிற குட்டைக் கால்களும் உண்டு, 27 அங்குலம் வரை நீளுகிற நெட்டைக் கால்களும் உண்டு.

நான் அவனிடம் அப்பு கேட்டதையே கேட்டேன்: எப்படி இருந்து சுடப்போகிறாய்? குட்டைக் கால் குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு, சுடுகூடத்து மேசைக்கு, மொட்டை வெளிக்கு. மான் நிற்கிற பற்றைக்குள் படுத்தால் கண்ணுக்கு முன்னால் புல்தான் தெரியும். இருந்து பார்க்கிறவனுக்கு நெட்டைக் கால் வேண்டும். எழும்பி நடந்து திரிகிறவனுக்குத் துவக்கில் பூட்டாத தனித் தடியோ மூன்றுகால் தடியோ உதவும். பூட்டுகிற தாங்கி தன் பாரத்தைத் துவக்கின் முன்பக்கத்தில் சேர்க்கும். நாள் முழுக்கத் தூக்கித் திரிகிற தோளுக்கு அது தெரியும்.

வேறும் சொன்னேன். நிலம் சரிவாக இருந்தால் துவக்கை இடம் வலமாகச் சாய்த்து நேராக்கக்கூடிய மாதிரியைப் பார். கால்கள் இரண்டையும் வெவ்வேறு நீளத்தில் நிறுத்திச் சரிக்கட்டுவது குளிரில் கை விறைத்தவனுக்குக் கஷ்டம். படிப்படியாக வெட்டுப் போட்ட கால் என்றால் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் நிற்கும். பாறைக்கு இறப்பர் அடி, சேற்றுக்கும் பனிக்கும் கூரடி. கடினமான தளத்தில் துவக்கு துள்ளும். ஆகவே தோளால் சற்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் தள்ளிக்கொண்டு சுடப் பழகு. வாங்கியபின் வீட்டில் வெறும் துவக்கோடு இருந்து பார். கண்ணை மூடிக்கொண்டு இரு. கழுத்து நோகாமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பார். கடைசியாக, கொங்காணி போட்ட மனிதரின் கதையைச் சொன்னேன். ஒன்ராறியோவில் துவக்கோடு மான் வேட்டைக்குப் போகிற காலத்தில் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் சட்டப்படி போடவேண்டும் என்று அவன் சொன்னான். நல்ல சட்டம். ஆனாலும் சட்டம் மற்றவனுக்கு உடுப்புப் போட்டுவிடலாம்; பார்க்கிற பொறுமையை இவன்தான் கொண்டுபோகவேண்டும்.

பூநகரியில் இன்றைக்கும் பண்டி வருகிறது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பாதை ஏறுகிற வேலை இல்லை. நீரேரியைச் சில நிமிடத்தில் கடக்கிறோம். வயலைக் காக்கிற வேலை மட்டும் சுலபமாகவில்லை. மயிலும் குரங்கும் சேர்ந்துகொண்டன. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் பயிரழிக்கும் விலங்குகளை எண்ணச் சொன்னது அரசாங்கம். கமக்காரனின் துன்பம் கொழும்புவரை கேட்டிருக்கிறது என்பதே அதில் எனக்குக் கிடைத்த ஆறுதல். ஆனால் இந்த நாட்டின் வயல்களில் இன்னும் இரகசியமாகக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சிவிட்டுப் படுக்கிறார்கள். அந்தக் கம்பியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் செத்திருக்கிறது, கம்பியை இழுத்தவரும் செத்திருக்கிறார்.

அவர்களுடைய கோபம் எனக்கு விளங்கும். உழைத்த பயிர் ஒரே இரவில் படிந்துபோன வயலில் நானும் நின்றிருக்கிறேன். காவலுக்கு ஆள் இல்லை என்பதும் உண்மை. இளம்பிள்ளைகள் வெளிநாட்டிலும் நகரத்திலும் இருக்கிறார்கள். அதற்கு வழி காவலைக் கூட்டாக்குவது, முறை வைத்து இருப்பது, உயிரைக் கொல்லாத அதிர்வு மட்டும் தருகிற அனுமதிக்கப்பட்ட வேலிக்கு உதவி கேட்பது, பயிர்ச்சேதத்துக்கு நட்டஈடு கேட்டு விடாமல் நிற்பது. ஆளில்லாத ஆயுதம் அதற்கு வழியாகாது. அப்படி ஒன்று மண்ணில் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மக்களைவிட அறிந்தவர்கள் யார்?

மருமகன் நெட்டைக் கால் தாங்கியொன்று வாங்கினான். அந்த மாரியில் மான் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. சுடாமல் திரும்பிய நாட்கள் இருந்தனவா என்று கேட்டேன். இருந்தன என்றான்; பற்றைக்குள் என்ன அசைகிறது என்று முழுதாகத் தெரியாதபடியால் தாங்கியை மடக்கிக்கொண்டு வந்தானாம். தாங்கி வாங்கப் போகிற எவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: விலையையும் பாரத்தையும் பார்த்து முடிந்தபின், துவக்கை அதில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் சுடாமல் இருக்க முடிகிறது என்று பாருங்கள். அதிக நேரம் இருக்க விடுவதையே வாங்குங்கள்.